கழற்றிப் பார்த்த கோவைக்காரர்

ஜி. டி. நாயுடு அவர்களை இந்தியாவின் எடிசன் என்று அழைப்பது நம்மவர் வழக்கம். எனக்கு அந்தப் பட்டத்தில் அத்தனை விருப்பம் இல்லை. அமெரிக்காவின் எடிசன் 1876-லேயே மென்லோ பார்க்கில் தமக்கென ஓர் ஆராய்ச்சிக் கூடம் அமைத்துக்கொண்டவர். கைகொடுக்க உதவியாளர்களும், பணம் கொடுக்கச் செல்வர்களும் அவரைச் சூழ்ந்திருந்தனர். நம் கோவைக்காரருக்கு வாய்த்தவை மூன்றாம் வகுப்புப் படிப்பும், ஒரு சிற்றுண்டிச் சாலையில் பரிமாறும் வேலையுந்தான். இருவரையும் ஒரே தராசில் நிறுத்தினால் யாருக்கு அநீதி என்பதை நீங்களே சொல்லுங்கள்.

இந்தக் கட்டுரைக்கு ஒரு காரணம் உண்டு. மைசூரில் படிக்கும் தமிழ் மாணவர் சிலர் சேர்ந்து, பழைய மாருதி 800 கார் ஒன்றின் பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு, அதை மின்சாரத்தில் ஓட்டும் முயற்சியில் இறங்கியிருக்கிறோம். மோட்டார் அகப்பட்டது. எந்தப் பாட்டரியை வைப்பது என்பதில்தான் வாதம் முற்றியது. அந்த வாதத்தின் நடுவே நாயுடு அவர்களின் வரலாற்றை மறுபடியும் படிக்க நேர்ந்தது. மின்சாரக் கார் எதையும் அவர் செய்ததாக நான் சொல்ல வரவில்லை. ஆயினும் மின்சாரக் காருக்கு வேண்டிய அங்கங்கள் அனைத்தையும் தனித்தனியே தொட்டுப் பார்த்தவர் அவர். மோட்டார், பாட்டரி, மலிவு விலைக் கார், அதைத் தடுத்த காகிதம் ஆகிய எல்லாம் அவர் வாழ்வில் உண்டு.

கோபாலசாமி துரைசாமி நாயுடு 1893-ம் ஆண்டு மார்ச் 23-ந் தேதி கோயமுத்தூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில், உழவர் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிக்கூடத்துக்கும் அவருக்கும் ஒத்துவரவில்லை. ஓரிடத்தில் உட்கார்ந்து கேட்டதைத் திருப்பிச் சொல்வது அவர் இயல்புக்கு மாறானது. மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. பிறகு நிலத்தில் வேலை.

இளமையில் ஒரு காட்சி அவர் வாழ்வைத் திருப்பியது. வெள்ளைக்கார வருவாய்த்துறை அதிகாரி ஒருவர் ரட்ஜ் என்ற மோட்டார் சைக்கிளில் அந்தப் பக்கம் வந்தார். மாடோ குதிரையோ இழுக்காமல், தானே ஓடும் வண்டி! அதை வியந்து பார்த்தவர்கள் அந்த ஊரில் பலர் இருந்திருப்பார்கள். அது எதனால் ஓடுகிறது என்று உள்ளே பார்க்க ஆசைப்பட்டவர் இவர் ஒருவரே. வண்டி வேண்டுமென்றால் பணம் வேண்டும். கோயமுத்தூருக்கு வந்து ஹோட்டல் ஒன்றில் பரிமாறுபவராகச் சேர்ந்தார். ஏறக்குறைய மூன்று ஆண்டு பணம் சேர்த்து, 300 ரூபாய் கொடுத்து அந்த வண்டியையே வாங்கினார். வாங்கியவர் ஊர்வலம் போகவில்லை. அதைப் பாகம் பாகமாகக் கழற்றித் தரையில் பரப்பினார், மறுபடியும் பூட்டினார். அவர் படித்த பொறியியற் கல்லூரி அதுவே.

இங்கே சற்று நிற்க விரும்புகிறேன். கழற்றுவது எளிது, எந்தக் குழந்தையும் செய்யும். கழற்றியதைப் பூட்டி, பழையபடி ஓட்டிக் காட்டுவதில்தான் அறிவு இருக்கிறது. ஒவ்வொரு திருகும் ஏன் அங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தான் அது முடியும். நாங்கள் மாருதியின் எஞ்சினை இறக்கியபோது இதைக் கண்கூடாக உணர்ந்தோம். எஞ்சின் என்பது சக்கரத்தைச் சுற்றும் பொறி மட்டுமன்று. பிரேக் மிதிக்குத் துணைசெய்யும் வெற்றிடம் அந்த எஞ்சினிலிருந்து வருகிறது. விளக்குக்கும் ஹாரனுக்கும் வேண்டிய 12 வோல்ட்டை அதன் ஆல்டர்னேட்டர் தருகிறது. எஞ்சினைத் தூக்கினால் இவ்வளவும் கூடவே போய்விடும். பிரேக்குக்குத் தனியாக ஒரு சிறு வெற்றிடப் பம்பும், விளக்குக்கு உயர்ந்த வோல்ட்டைத் தாழ்த்தித் தரும் கருவியும் வைத்தாக வேண்டும். பாட்டரியைப் பற்றி மட்டுமே பேசுகிறவர்கள் இவற்றை மறந்துவிடுகிறார்கள்.

நாயுடுவின் கதைக்கு வருவோம். முதல் உலகப் போர்க் காலத்தில் பஞ்சு வியாபாரத்தில் இறங்கிப் பொருள் சேர்த்தார். பம்பாய்க்குப் போய் அதை இழந்தார். வெறுங்கையோடு திரும்பியவருக்குக் கோவையில் தொழில் நடத்திவந்த ராபர்ட் ஸ்டேன்ஸ் துரை கைகொடுத்தார். அவர் உதவியால் 1920-ல் ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டத் தொடங்கினார். டிரைவரும் அவரே. பழனிக்குப் போகும் பக்தர் கூட்டத்துக்கு வண்டி என்றால் மாட்டுவண்டி என்றிருந்த காலம் அது.

ஒரு பஸ் பல பஸ்களாயிற்று. யூனிவர்ஸல் மோட்டார் சர்வீஸ், சுருக்கமாக யு.எம்.எஸ்., கொங்கு நாட்டின் சாலைகளில் நூற்றுக்கு மேற்பட்ட வண்டிகளை ஓட்டியது. நேரம் தவறாமை அந்த நிறுவனத்தின் அடையாளமாயிற்று. பிறர் பஸ்ஸை ஓட்டிப் பணம் பண்ணினார்கள். இவர் பஸ்ஸை ஓட்டிக் கருவிகளைப் பண்ணினார். வண்டிக்கு வேண்டியவற்றைத் தம் பட்டறையிலேயே செய்துகொள்ளும் பழக்கம் அங்கேதான் வேர்விட்டது.

இனி மோட்டாரின் கதை. 1932-ல் நீலகிரியின் பைக்காராவில் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. அந்த மின்சாரம் மலையிறங்கிக் கோவைக்கு வந்ததும் ஊரின் முகமே மாறிற்று. நூல் ஆலைகள் எழுந்தன. கொங்கு நாட்டுக் கிணறுகள் ஆழமானவை. மாடு பூட்டிக் கவலை இறைத்தவர்கள் பம்பு வைக்க ஆசைப்பட்டார்கள். பம்புக்கு மோட்டார் வேண்டும். மோட்டாரோ கடல் கடந்து வரவேண்டும். மின்சாரம் நம் மலையில் பிறக்கிறது, அதைச் சுழற்சியாக்கும் பொறி மட்டும் அயல்நாட்டிலிருந்து வருகிறது என்றால் அது எவ்வளவு பெரிய குறை!

நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து அந்தக் குறையைத் தீர்த்தார்கள். கோவை பீளமேட்டில் இருந்த நேஷனல் எலெக்ட்ரிக் ஒர்க்ஸில் 1937-ல் மின்சார மோட்டார் ஒன்று உருவாயிற்று. இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மின் மோட்டார் என்று அதைச் சொல்வர். பாலசுந்தரம் பின்னர் டெக்ஸ்டூல் நிறுவனத்தைத் தொடங்கினார். இன்று நம் நாட்டு வயல்களில் ஓடும் பம்புசெட்டுகளில் பெரும்பகுதி கோவையில் பிறந்தது என்பது உழவர் வீட்டுப் பிள்ளைகளான உங்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

ஆலையிலும் பம்பிலும் பரவலாக ஓடுவது இண்டக்ஷன் மோட்டார். வெளியே நிலையாக நிற்கும் செப்புச் சுருள்களில் மாறு மின்னோட்டம் பாய்ந்து ஒரு சுழலும் காந்தப் புலத்தை உண்டாக்குகிறது. உள்ளே இருக்கும் உருளையில் அந்தப் புலம் தானே மின்னோட்டத்தைத் தூண்டி, உருளையைத் தன்னோடு இழுத்துச் சுழற்றுகிறது. உருளைக்குக் கம்பி இணைப்பு வேண்டாம். தேய்ந்துபோகும் கரித்துண்டும் வேண்டாம். எங்கள் காருக்கு அகப்பட்டதும் இத்தகைய மோட்டாரே. பாட்டரியிலிருந்து வருவது நேர் மின்னோட்டம். அதை மூன்று கட்ட மாறு மின்னோட்டமாக மாற்ற நடுவே ஒரு மின்னணுப் பெட்டி இருக்கிறது. பீளமேட்டு மோட்டாருக்கும் எங்கள் மோட்டாருக்கும் இடையே முக்கியமான வேறுபாடு அந்தப் பெட்டிதான் எனலாம்.

அதற்கு முன்பே, 1930-களில், அவர் வெளிநாடு சென்றுவந்தார். ஜெர்மனி அவரைக் கவர்ந்தது. அங்கே ஹைல்ப்ரான் நகரில் செய்யப்பட்ட சின்னஞ்சிறு மோட்டாரை உள்ளே வைத்து, உலர்ந்த மின்கலத்தால் ஓடும் சவரக் கருவி ஒன்றை உருவாக்கினார். ரேஸண்ட் என்பது அதன் பெயர். மின்சாரச் சவரக் கருவியை உலகில் முதன்முதல் கண்டவர் நாயுடுவே என்று மேடையில் முழங்குவோர் உண்டு. அது சரியன்று. அமெரிக்காவில் ஜேக்கப் ஷிக் என்பவரின் மின்சவரக் கருவி 1931-லேயே கடைக்கு வந்துவிட்டது. பொய்ப் புகழ் நாயுடுவுக்குத் தேவையில்லை. சுவரில் மின் இணைப்பு இல்லாத வீடுகளே மிகுந்திருந்த நாட்டிலிருந்து போனவர், கையில் எடுத்துச் செல்லும் மின்கலத்தைத் தேர்ந்தார் என்பதே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. உலர்ந்த மின்கலம் ஒன்று தருவது ஒன்றரை வோல்ட். அவ்வளவு சொற்ப ஆற்றலில் முகம் மழிக்கவேண்டும் என்றால், மோட்டார் எவ்வளவு சிறிதாக, எவ்வளவு இலேசாக இருக்கவேண்டும்! மின்கலம் எவ்வளவு தரும் என்ற கணக்கு முதலில்; மோட்டார் பிறகு.

எங்கள் வாதமும் இதே கணக்கில்தான் வந்து நின்றது. அதைச் சற்று விரித்துச் சொன்னால், இந்த வேலையில் இறங்க நினைக்கும் நண்பர்களுக்குப் பயன்படும்.

மாருதி 800-ன் எடை சுமார் 650 கிலோ. இருவர் ஏறி, பாட்டரியும் வைத்தபின் 850 கிலோ என்று கொள்வோம். மைசூரில் கார் ஓட்டுவோருக்கு இயற்கை வைத்திருக்கும் பரீட்சை சாமுண்டி மலை. நகரத் தரையிலிருந்து அது ஏறக்குறைய 300 மீட்டர் உயரம். 850 கிலோவை 300 மீட்டர் தூக்க வேண்டிய ஆற்றல் 25 இலட்சம் ஜூல், அதாவது 0.7 யூனிட் மின்சாரம். மோட்டாரிலும் கியரிலும் வீணாவதையும், பன்னிரண்டு கிலோமீட்டர் சாலையில் டயர் உராய்வதையும் சேர்த்தால் ஒன்றரை யூனிட் ஆகும். இவ்வளவுதானா என்று வியப்பாயிருக்கிறதல்லவா? மலையேற்றம் பாட்டரியைக் காலிசெய்துவிடும் என்று அஞ்சியவர்கள் எங்களில் இருந்தார்கள். கணக்கு அந்த அச்சத்தைத் தீர்த்தது. ஆனால் வேறோர் அச்சத்தைக் கிளப்பியது. மொத்த ஆற்றல் குறைவுதான். அதைக் கேட்கும் வேகம் அதிகம். ஏற்றத்தில் மோட்டார் 10 கிலோவாட் கேட்டால், 76.8 வோல்ட் பாட்டரியிலிருந்து 130 ஆம்பியர் பாயவேண்டும்.

ஈய அமிலப் பாட்டரி இங்கேதான் சறுக்குகிறது. மெதுவாகக் கேட்டால் கொடுக்கும். அவசரமாகக் கேட்டால் தன் கொள்ளளவிலேயே குறைத்துவிடும். பாதிக்குமேல் இறக்கினால் ஆயுள் குறையும். கிலோ ஒன்றுக்கு அது தாங்குவது 30 முதல் 40 வாட்-மணி. எங்களுக்கு நிகரமாக 6 யூனிட் வேண்டும் என்றால் 12 யூனிட் பாட்டரி வைக்கவேண்டும். அதன் எடை 350 கிலோ, காரின் எடையில் பாதிக்குமேல்! 2001-ல் பெங்களூரில் வெளிவந்த ரேவா கார் ஈய அமிலப் பாட்டரியில்தான் ஓடிற்று. அது இருவர் வசதியாக அமரும் சிறு வண்டி, அந்தப் பாட்டரிக்கென்றே வடிவமைத்த வண்டி. பழைய காரை மாற்றுவோருக்கு அந்தச் சலுகை இல்லை.

லித்தியம் வகையில் இரண்டு முக்கியப் பிரிவுகள். நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் சேர்ந்த வகை எடைக்கு மிகுந்த ஆற்றல் தரும். ஆனால் எல்லை மீறிச் சூடேறினால் தீப்பற்றும் இயல்பு அதற்கு அதிகம். 2022-ல் நம் நாட்டுச் சாலைகளில் மின்சார ஸ்கூட்டர்கள் பற்றி எரிந்த செய்திகளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்; அதன்பின் அரசாங்கம் பாட்டரிச் சோதனை விதிகளை இறுக்கியது. லித்தியம் இரும்புப் பாஸ்பேட் என்ற மற்றொரு வகை சற்றுக் கனமானது. ஆனால் சூட்டைத் தாங்கும், இரண்டாயிரம் முறைக்குமேல் ஏற்றி இறக்கலாம். ஒரு கலத்தின் வோல்ட் 3.2. அத்தகைய 100 ஆம்பியர்-மணிக் கலங்கள் 24-ஐ வரிசையாக இணைத்தால் 76.8 வோல்ட், 7.68 யூனிட். எடை 70 கிலோ அளவில் அடங்கும். எண்பது சதவீதத்தைச் செலவழித்தால் 6 யூனிட் கையில் கிடைக்கும். ஒரு கிலோமீட்டருக்கு 0.1 யூனிட் என்றால் 60 கிலோமீட்டர். கல்லூரிக்கும் கடைத்தெருவுக்கும் மலைக்கோயிலுக்கும் இது போதும். மைசூரின் மிதமான தட்பவெப்பமும் நமக்குச் சாதகம். காற்றோட்டம் விட்டாலே பெட்டி குளிர்ந்துவிடும்.

விலைதான் தொண்டையில் சிக்கியது. பழைய வண்டிகளிலிருந்து கழற்றிய கலங்களை மலிவாக வாங்கலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். வரிசையாகக் கோத்த இருபத்துநான்கில் ஒன்று நோஞ்சானாக இருந்தாலும், மற்ற இருபத்துமூன்றும் அதற்காக நிற்கவேண்டும். அது காலியானதும் வண்டி நிற்கும். சோடி மாடுகளில் ஒன்று தளர்ந்தால் வண்டி எப்படிப் போகுமோ அப்படி. ஆகவே எந்தக் கலமானாலும், ஒவ்வொன்றையும் தனியே ஏற்றி இறக்கி, கொள்ளளவையும் உட்தடையையும் குறித்துக்கொண்டு, ஒத்தவற்றை மட்டுமே கோக்கவேண்டும். ஒவ்வொரு கலத்தையும் கண்காணித்து, 3.65 வோல்ட்டுக்கு மேல் ஏறாமலும் 2.5-க்குக் கீழ் இறங்காமலும் தடுக்கும் காவற் கருவியும் வேண்டும். ரட்ஜ் வண்டியைத் தரையில் பரப்பிய இளைஞரை நான் நினைத்துக்கொண்டது அப்போதுதான். முடிவில் புதிய கலங்களையே வாங்கினோம். வாங்கியபின்னும் இருபத்துநான்கையும் அளந்தோம்.

எடிசன் பெயர் முதலிலேயே வந்துவிட்டதால் அவர் பட்டபாட்டையும் சொல்லிவிடுகிறேன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கச் சாலைகளில் மின்சாரக் கார்கள் நிறைய ஓடின. ஈயப் பாட்டரியின் கனத்தை வெறுத்த எடிசன், நிக்கலும் இரும்பும் கொண்ட பாட்டரி ஒன்றை உருவாக்கி விற்றார். கலங்கள் கசிந்தன, ஆற்றல் குன்றிற்று. 1904-ல் உற்பத்தியை நிறுத்தினார். மீண்டும் பல்லாயிரம் சோதனை. 1910-ல் உழைக்கும் பாட்டரி வந்தது. பல ஆண்டு தாங்கும் பாட்டரி. ஆனால் 1912-ல் பெட்ரோல் காருக்குத் தானே எஞ்சினைக் கிளப்பும் ஸ்டார்ட்டர் வந்துவிட்டது. கையால் சுழற்றும் துன்பம் ஒழிந்ததும் மக்கள் பெட்ரோல் பக்கம் சாய்ந்தனர். நல்ல பாட்டரி வந்து சேர்ந்தபோது வண்டி புறப்பட்டுவிட்டது! அந்த ஸ்டார்ட்டரைச் சுழற்றியதும் ஒரு பாட்டரியே என்பதை நினைத்தால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

நாயுடுவுக்குக் கெட்டது பாட்டரியால் அன்று, காகிதத்தால். 1941-ல் ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்து தரமுடியும் என்று அறிவித்தார். ரேடியோ செல்வர் வீட்டுப் பொருளாக இருந்த காலம் அது. மண்ணெண்ணெயில் ஓடும் மின்விசிறி, பழச்சாறு பிழியும் கருவி, மோசடிக்கு இடந்தராத வாக்குப்பதிவு இயந்திரம் என்று அவர் பட்டறையிலிருந்து வந்தவை பல. இவற்றையெல்லாம் அடுக்கினால் கட்டுரை பட்டியலாகிவிடும். ஒன்றை மட்டும் சொல்கிறேன். 1952-ல் இருவர் அமரும் பெட்ரோல் கார் ஒன்றைச் செய்தார். விலை 2,000 ரூபாய். நடுத்தரக் குடும்பத்தாரும் எட்டிப் பிடிக்கக்கூடிய கார்! ஆனால் அரசாங்கம் லைசென்ஸ் தரவில்லை. உற்பத்தி நின்றது. 1951-ல் நிறைவேறிய தொழில்கள் வளர்ச்சி, ஒழுங்குச் சட்டம் அந்த 1952-ல்தான் நடைமுறைக்கு வந்தது. எதை, யார், எவ்வளவு செய்யலாம் என்பதை டில்லி தீர்மானிக்கும் காலம் பிறந்துவிட்டது. ஓர் இலட்ச ரூபாய்க் கார் என்று டாட்டா நானோ அறிவிக்கப்பட்டதைக் காண நாம் 2008 வரை காத்திருந்தோம்.

மைசூரிலிருந்துகொண்டு இதை எழுதும்போது இன்னொருவரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. இந்தச் சமஸ்தானத்தின் திவானாக 1912 முதல் 1918 வரை இருந்த விசுவேசுவரய்யா, 1930-களின் நடுவில் ஐரோப்பாவும் அமெரிக்காவும் சென்று கார்த் தொழிற்சாலைகளைப் பார்வையிட்டு, இந்தியாவில் கார்த் தொழிற்சாலை அமைக்கத் திட்டம் தீட்டினார். மைசூர் சமஸ்தானம் துணைநிற்க முன்வந்தும் பிரிட்டிஷ் இந்திய அரசாங்கம் இசையவில்லை. படிப்பில் சிகரம் தொட்ட எஞ்சினீயருக்கு அயலார் ஆட்சியில் கிடைத்த விடையும், பள்ளியை விட்டு ஓடிய தொழிலாளிக்கு நம்மவர் ஆட்சியில் கிடைத்த விடையும் ஒன்றாகவே இருந்தன. யாரை நோவது?

சட்டமே வேண்டாம் என்று சொல்பவன் அல்லன் நான். எங்கள் காரும் சட்டத்தின் வாசலில்தான் நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவின்படி, பதிவு செய்த வண்டியின் அமைப்பை நம் இஷ்டப்படி மாற்ற முடியாது. மின்சாரத்துக்கு மாற்றும் கருவித் தொகுதி ஏ.ஐ.எஸ். 123 என்ற தர விதிப்படி சோதிக்கப்பட்டு அங்கீகாரம் பெற்றிருக்கவேண்டும். பதிவுப் புத்தகத்தில் எரிபொருள் மாற்றம் ஏறவேண்டும். இவையின்றிப் பொதுச் சாலையில் ஓட்டினால் இன்சூரன்சும் கைகொடுக்காது. 76.8 வோல்ட்டும் நூற்றுமுப்பது ஆம்பியரும் விளையாட்டுப் பொருள்கள் அல்ல. பிரேக் பிடிக்காத கார் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் எமன். ஆகவே சோதனை வேண்டும் என்பேன். ஆனால் அந்தச் சோதனையின் செலவு ஒரு பெருநிறுவனத்துக்கு ஏற்ற அளவில் இருக்கிறது. ஒரே ஒரு காரை மாற்றும் மாணவர்க்கு ஏற்ற வழி ஒன்றையும் அரசாங்கம் வகுக்கவேண்டும் என்பதே என் கட்சி. அதுவரை எங்கள் வண்டி தனியார் வளாகத்துக்குள்தான் உருளும்.

நாயுடு கல்வித்துறையிலும் கால் வைத்தார். 1944-ல் தம் மோட்டார்த் தொழிலின் நேரடிப் பொறுப்பிலிருந்து விலகி, அறப்பணிகளுக்கும் தொழிற்கல்விக்கும் திரும்பினார். அவருடைய முயற்சியாலும் கொடையாலும் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக்கும் பொறியியற் கல்லூரியும் தோன்றின. அக்கல்லூரியே இன்றைய அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி. 1945-ல் அவரே அதன் தலைவராக அமர்ந்தார். நான்கு ஆண்டுப் படிப்பு வீண். இரண்டே ஆண்டில் அவ்வளவையும் கற்றுத்தரலாம் என்பது அவர் கொள்கை. அரசாங்கம் ஏற்கவில்லை, அவர் விலகினார். இதில் நான் முழுவதும் அவர் பக்கம் இல்லை. இண்டக்ஷன் மோட்டாரைப் பூட்டக் கைப்பழக்கம் போதும். அதன் காந்தப் புலம் ஏன் சுழல்கிறது என்று அறியக் கணிதம் வேண்டும், கணிதத்துக்குக் காலம் வேண்டும். ஆனாலும் நான்கு ஆண்டும் ஒரு மோட்டாரைக்கூடக் கழற்றாமலே பட்டம் வாங்கிச் செல்வோரைப் பார்க்கும்போது, அவர் கோபம் எனக்குப் புரிகிறது.

கோபம் அவருக்கு நிறையவே இருந்தது. வரிச்சுமையை எதிர்த்து, 1950-களில் தம் படைப்புகளைத் தாமே மக்கள் முன்னிலையில் உடைத்தார். பார்த்தவர் மனம் பதறியிருக்கும். கழற்றினால் மறுபடி பூட்டலாம். உடைத்ததை என்ன செய்வது? அவர் செய்தவற்றில் எனக்கு ஒப்பாதது இது ஒன்றுதான். ஆனால் அவர் சோர்ந்து உட்காரவில்லை. பருத்தியிலும் பப்பாளியிலும் புதுவகை காணும் ஆராய்ச்சியில் ஈடுபட்டார். 1967-ல், எழுபது வயதைக் கடந்தபின், காலையில் அடித்தளம் போட்டு மாலைக்குள் ஒரு வீட்டைக் கட்டி முடித்துக் காட்டினார்.

1974-ம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி நாயுடு காலமானார். கோவை அவிநாசி சாலையில் அவர் பெயரால் அமைந்த காட்சிக்கூடத்தில் அவர் செய்த கருவிகளைக் காணலாம். அதே சாலையில் 2015-ல் திறந்த ஜீடி கார் அருங்காட்சியகத்தில் பழங்காலக் கார்கள் வரிசையாக நிற்கின்றன. விடுமுறையில் எங்கள் குழு அங்கே போவதாக இருக்கிறது. மைசூரிலிருந்து சாமராஜநகர் வழியே, திம்பம் மலையின் இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி, பண்ணாரி, சத்தியமங்கலம் கடந்து சென்றால் ஏறக்குறைய 200 கிலோமீட்டர். வருவதாயிருந்தால் பகலிலேயே புறப்படவேண்டும். காட்டுப் பாதையில் இரவில் போக்குவரத்துத் தடை உண்டு. எங்கள் கார் அறுபது கிலோமீட்டருக்குமேல் ஓடாது, சாலைக்கு வர அதற்கு அனுமதியும் இல்லை. ஆகவே பஸ்ஸில்தான் போகிறோம்.